நுண்ணளவு வாயுக்களின் வேதியியல்: காற்றின் 0.04 சதவீதத்தைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78.08 சதவீதம், ஆக்சிஜன் 20.95 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம். மூன்றையும் கூட்டினால் 99.96. எஞ்சியிருக்கும் 0.04 சதவீதத்திலும் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடு. அது வெப்பத்தைப் பிடித்துவைக்குமே தவிர, காற்றில் இருக்கும்போது வேறு எதனோடும் அநேகமாக வினைபுரியாது. அதையும், நியான், ஹீலியம் போன்ற மந்த வாயுக்களையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது மீத்தேன், ஹைட்ரஜன், நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடுகள் (நைட்ரிக் ஆக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும்), சல்ஃபர் சேர்மங்கள், மரங்களும் எரிபொருள்களும் வெளிவிடும் கரிமச் சேர்மங்கள். எல்லாம் சேர்ந்தாலும் காற்றில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. ஆனால் வளிமண்டலத்தின் வேதியியல் முழுவதும் இந்தச் சிறு பங்கில்தான் நடக்கிறது. தரைக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் வரும், ஒரு நகரத்தின் காற்று பிற்பகலில் கண்ணை எரிக்குமா, மீத்தேன் எத்தனை ஆண்டு தங்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது இவைதான்.

பாடப்புத்தகங்கள் வழக்கமாக வாயுக்களின் பெயரையும் செறிவையும் ஓர் அட்டவணையாகக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த அட்டவணையை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. எந்த வாயுவாக இருந்தாலும் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்: எங்கிருந்து வருகிறது, எது அதை அழிக்கிறது, அதுவரை எவ்வளவு காலம் தாங்குகிறது. செறிவு என்பது இந்த மூன்றுக்குமான விடைகளின் விளைவு. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. மேல்நிலைப் பள்ளி வேதியியல் தெரிந்தால் போதும். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இன்னும் நல்லது.

படி 1: அளவைகளைக் கைவசப்படுத்துங்கள்

பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஒன்று என்றால் ஒரு பிபிஎம். நூறு கோடியில் ஒன்று பிபிபி. லட்சம் கோடியில் ஒன்று பிபிடி. இவை எடையின் விகிதம் அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதம். இதில் குழம்பினால் பின்னால் வரும் கணக்கு எல்லாம் தவறும்.

இன்றைய நிலவரம் தோராயமாக இது: கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம்மைத் தாண்டிவிட்டது. மீத்தேன் 1,900 பிபிபிக்கும் மேல். நைட்ரஸ் ஆக்சைடு 335 பிபிபிக்கும் மேல். ஹைட்ரஜன் 530 பிபிபி அளவில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு தூய காற்றில் 50 முதல் 150 பிபிபி வரை இடத்துக்கு இடம் மாறும். தரைமட்ட ஓசோன் தூய காற்றில் 20 முதல் 40 பிபிபி.

காற்றுத் தர அறிக்கைகளில் மைக்ரோகிராம் கணக்கு வரும். சாதாரண அறை வெப்பநிலையில் ஒரு பிபிபி ஓசோன் என்பது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு பிபிபி நைட்ரஜன் டை ஆக்சைடு சுமார் 1.9 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஓசோனுக்கான எட்டு மணி நேர வரம்பு 100 மைக்ரோகிராம். அதாவது ஏறத்தாழ 50 பிபிபி. இந்த மாற்றத்தை மனக்கணக்காகச் செய்யப் பழகிவிட்டால் எந்த அறிக்கையும் மிரட்டாது.

படி 2: வரவையும் அழிவையும் ஒரே கணக்கில் வையுங்கள்

ஒரு தொட்டியில் குழாய் திறந்திருக்கிறது, அடியில் ஓட்டையும் இருக்கிறது. நீர்மட்டம் உயர உயர ஓட்டை வழியே போகும் நீரும் கூடும். கடைசியில் வரவும் போக்கும் சமமாகி மட்டம் ஓரிடத்தில் நிற்கும். பெரும்பாலான நுண்ணளவு வாயுக்கள் இப்படித்தான். காற்றில் உள்ள மொத்த இருப்பை ஆண்டுக்கு அழியும் அளவால் வகுத்தால் கிடைப்பது அந்த வாயுவின் சராசரி ஆயுள்.

மீத்தேனை வைத்துச் செய்து பார்ப்போம். வளிமண்டலத்தின் மொத்த எடை சுமார் 51.5 கோடி கோடி டன். அதில் நூறு கோடியில் ஒரு பங்கை எடுத்து, மீத்தேனின் மூலக்கூறு எடையான 16ஐக் காற்றின் சராசரி மூலக்கூறு எடையான 29ஆல் வகுத்துப் பெருக்குங்கள். ஒரு பிபிபி மீத்தேன் என்பது சுமார் 28 லட்சம் டன் என்று வரும். உயரே போகப் போக மீத்தேன் குறைந்துவிடுவதால் 27.5 லட்சம் டன் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 1,920 பிபிபிக்கு மொத்த இருப்பு ஏறத்தாழ 530 கோடி டன். மீத்தேனின் ஆயுள் சுமார் 9 ஆண்டு. வகுத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 58 கோடி டன் அளவில் அழிகிறது. செறிவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் வரவு அதைவிடச் சற்று அதிகம். சதுப்பு நிலம், கால்நடை, நெல் வயல், குப்பைக் கிடங்கு, எரிவாயுக் கசிவு என்று கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்க்கும் கணக்குகள் இந்த எண்ணோடு ஒத்துப்போயாக வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இதுதான். மூன்றே எண்கள், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். உலகம் முழுவதற்குமான வரவு செலவு கையில் வந்துவிடுகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. மீத்தேன் வரவைக் குறைத்தால் செறிவு சில ஆண்டுகளிலேயே இறங்கத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு இந்த வசதி கிடையாது. அதைக் காற்றில் அழிக்கும் வினை இல்லை. கடலுக்கும் மண்ணுக்கும் தாவரத்துக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

படி 3: ஆயுளைத் தூரமாக மாற்றுங்கள்

ஓர் அரைக்கோளத்தைச் சுற்றிக் காற்று கலக்க வாரங்கள் ஆகும். வட அரைக்கோளக் காற்றும் தென் அரைக்கோளக் காற்றும் ஒன்றோடொன்று கலக்கச் சுமார் ஓராண்டு. இந்த இரண்டு அளவுகோல்களோடு ஆயுளை ஒப்பிட்டால் ஒரு வாயு எங்கே எப்படிப் பரவியிருக்கும் என்று அளக்காமலேயே சொல்லலாம்.

நைட்ரஸ் ஆக்சைடின் ஆயுள் நூறாண்டுக்கும் மேல். எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு இரண்டு மாதம் அளவில்; காட்டுத்தீ ஒரு கண்டத்தில் எரிந்தால் அடுத்த கண்டத்தில் தெரியும், ஆனால் மற்ற அரைக்கோளம் வரை முழுதாகப் போய்ச் சேராது. நைட்ரஜன் ஆக்சைடுகளுக்குச் சில மணி நேரம் முதல் ஒரு நாள். அதனால்தான் செயற்கைக்கோள் படத்தில் நகரங்களும் அனல் மின் நிலையங்களும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிகின்றன. மரங்கள் வெளிவிடும் ஐசோபிரீன் பகலில் ஓரிரு மணி நேரம்கூடத் தாங்காது.

படி 4: சூரிய ஒளியை அலைநீளமாகப் பாருங்கள்

வளிமண்டல வினைகளின் முதல் தள்ளு பெரும்பாலும் ஒளியிலிருந்து வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒளித்துகளின் ஆற்றல் கூடும். எந்த உயரத்தில் எந்த அலைநீளம் மிச்சம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேதியியல் தெரிந்த மாதிரி.

242 நானோமீட்டருக்குக் கீழான ஒளி ஆக்சிஜன் மூலக்கூறையே இரண்டாக உடைக்கும். அந்த ஒளி ஸ்ட்ரேட்டோஸ்பியரிலேயே, சுமார் 10 முதல் 50 கிலோமீட்டர் உயரம் வரையுள்ள, இங்கே மீள் அடுக்கு என்று குறிப்பிடும் பகுதியிலேயே, தீர்ந்துவிடுகிறது. 200க்கும் 300க்கும் இடைப்பட்ட ஒளியில் பெரும்பகுதியை ஓசோன் விழுங்கிவிடும். தரைக்கு வந்து சேருவது சுமார் 290 நானோமீட்டருக்கு மேற்பட்டது மட்டுமே. அந்த மிச்சத்திலும் இரண்டு பகுதிகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 320 வரையுள்ள சிறு கீற்று ஓசோனை உடைத்து, அதிக ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் அணுவைத் தரும். 420 வரையுள்ள ஒளி நைட்ரஜன் டை ஆக்சைடை உடைக்கும். முதல் வினை அடுத்த படிக்கு, இரண்டாவது ஏழாவது படிக்கு.

படி 5: ஹைட்ராக்சிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் இருந்தும், மீத்தேனோ கார்பன் மோனாக்சைடோ சாதாரண வெப்பநிலையில் அதனோடு வினைபுரிவதில்லை. ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பு அதற்கு இடம் கொடுக்காது. அப்படியானால் இந்த வாயுக்கள் எப்படி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன? இந்தக் கேள்விக்கு 1971இல் ஹிராம் லெவி விடை சொன்னார். ஓசோன் ஒளியில் உடைந்து தரும் ஆற்றல் மிகுந்த ஆக்சிஜன் அணு பெரும்பாலும் நைட்ரஜன் மீதும் ஆக்சிஜன் மீதும் மோதி ஆற்றலை இழந்துவிடும். ஈரப்பதம் மிகுந்த கீழ்க்காற்றில் பத்தில் ஒன்று அளவுக்கு நீராவி மூலக்கூறோடு மோதும். அப்போது இரண்டு ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும், இணை சேராத ஓர் எலக்ட்ரானும். கிடைத்ததிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி நீராக மாறிவிடத் துடிக்கும் துணுக்கு அது.

அதன் அளவைப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சராசரியாகப் பத்து லட்சம் ஹைட்ராக்சில்கள். எண் பெரிதாகத் தோன்றலாம். அதே கன சென்டிமீட்டரில் மொத்தம் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. 25 லட்சம் கோடியில் ஒன்று என்ற விகிதம். ஒவ்வொன்றும் பிறந்து ஒரு நொடி அளவிலேயே எதையாவது தாக்கி முடிந்துவிடுகிறது. ஆனாலும் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, எரிபொருள் ஆவி என்று கீழ் வளிமண்டலத்தில் கரையாத வாயுக்களில் பெரும்பாலானவை இதன் கையால்தான் முடிவுக்கு வருகின்றன. புற ஊதாவும் நீராவியும் சேர்ந்து கிடைக்கும் இடம் வெப்பமண்டலம் என்பதால் மீத்தேன் அழிவில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

ஒரு நொடி வாழும் பொருளின் உலகச் சராசரியை எப்படி அளப்பது? நேரடியாக அளக்க வழியில்லை. மீத்தைல் குளோரோஃபார்ம் என்ற கரைப்பான் உதவிக்கு வந்தது. அது முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் தயாரானது. எவ்வளவு விற்றது என்ற கணக்கு இருந்தது. காற்றில் அதை அழிப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சில். ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கையால் உற்பத்தி நின்றதும் 1990களின் தொடக்கத்தில் 130 பிபிடி அளவில் இருந்த அதன் செறிவு சரசரவென்று இறங்கியது. ஆயுள் சுமார் 5 ஆண்டு என்று அந்தச் சரிவிலிருந்தே தெரிந்தது. அதிலிருந்து உலகின் மொத்த ஹைட்ராக்சில் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். இன்று அது மிகக் குறைந்துவிட்டதால் இதே வேலைக்கு வேறு வாயுக்களைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

படி 6: ஒரு மீத்தேன் மூலக்கூறின் பின்னால் போங்கள்

இந்தப் படியைத் தாளில் வரைந்துகொண்டே படியுங்கள். நுண்ணளவு வேதியியலின் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு சங்கிலியில் இருக்கிறது.

ஹைட்ராக்சில் மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி நீராகிறது. மிஞ்சிய மீத்தைல் துணுக்கு உடனே காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு மீத்தைல் பெராக்சி ஆகிறது. இதுவரை மாற்று வழி இல்லை. பெராக்சி உருவான இடத்தில்தான் பாதை பிரிகிறது. சுற்றிலும் நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறதா, இல்லையா?

இருந்தால், பெராக்சி தன் ஆக்சிஜன் அணு ஒன்றை நைட்ரிக் ஆக்சைடுக்குக் கொடுத்து அதை நைட்ரஜன் டை ஆக்சைடாக்குகிறது. மீதித் துணுக்கு ஃபார்மால்டிஹைடு ஆகிறது. கூடவே ஹைட்ரோபெராக்சி (ஒரு ஹைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த துணுக்கு) ஒன்று பிறக்கிறது. அந்த ஹைட்ரோபெராக்சியும் இன்னொரு நைட்ரிக் ஆக்சைடைச் சந்தித்தால் மறுபடி ஹைட்ராக்சில் கிடைத்துவிடும். ஃபார்மால்டிஹைடை ஒளி உடைக்கும், அல்லது ஹைட்ராக்சில் தாக்கும். எப்படியானாலும் கார்பன் மோனாக்சைடு. அதை ஹைட்ராக்சில் தாக்கினால் கார்பன் டை ஆக்சைடு. ஒன்பது ஆண்டு காத்திருந்த மூலக்கூறு, முதல் அடி விழுந்த பிறகு ஃபார்மால்டிஹைடு வரை சில நிமிடம், அதைக் கடக்கச் சில மணி நேரம், கார்பன் மோனாக்சைடாக இரண்டு மாதம் என்று ஓடி முடிகிறது. காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடில் கணிசமான பங்கு எந்தப் புகைபோக்கியிலிருந்தும் வந்ததல்ல, இப்படிப் பிறந்ததுதான்.

நைட்ரிக் ஆக்சைடு இல்லாத நடுக்கடல் காற்றில் கதை வேறு. பெராக்சியும் ஹைட்ரோபெராக்சியும் தங்களுக்குள்ளேயே சேர்ந்து பெராக்சைடுகளாகி மழையில் கரைந்து இறங்கிவிடும். ஹைட்ராக்சில் திரும்பக் கிடைக்காது, சங்கிலி அறுந்துவிடும். அங்கே ஓசோனும் உருவாகாது, கொஞ்சம் அழியவே செய்யும்.

இங்கே ஒரு பின்விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். மீத்தேன் கூடினால் ஹைட்ராக்சில் அதிகம் செலவாகும். அதனால் மிச்சமுள்ள மீத்தேன் இன்னும் கொஞ்சம் நீண்ட நாள் தாங்கும். புதிதாகச் சேரும் மீத்தேனின் தாக்கத்துக்கு 9 அல்ல, ஏறத்தாழ 12 ஆண்டு என்று கணக்கிடுவதற்கு இதுதான் காரணம்.

படி 7: தரைமட்ட ஓசோனை ஒரு நாள் முழுக்கக் கவனியுங்கள்

வாகனப் புகையில் ஓசோன் கிடையாது. எந்தப் புகைபோக்கியும் அதை வெளிவிடுவதில்லை. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் புகைமூட்டத்தை ஆராய்ந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட், அது கரிம ஆவிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் கூடிச் சமைத்தது என்று காட்டினார்.

அடிப்படை வட்டம் மூன்று வினைகள்தான். நைட்ரஜன் டை ஆக்சைடு ஒளியில் உடைந்து நைட்ரிக் ஆக்சைடும் ஓர் ஆக்சிஜன் அணுவும் தரும். அந்த அணு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகும். ஓசோன் நைட்ரிக் ஆக்சைடைத் தாக்கி மறுபடி நைட்ரஜன் டை ஆக்சைடாக்கும். வரவும் செலவும் சமம். ஓசோன் கூடுவதற்கு வழியில்லை. ஆறாவது படியில் பார்த்த பெராக்சிகள் உள்ளே வரும்போதுதான் கணக்கு மாறுகிறது. நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக்கும் வேலையை அவை செய்துவிடுவதால் அந்த வேலைக்குச் செலவாகியிருக்க வேண்டிய ஓசோன் மிச்சமாகிச் சேர்ந்துகொண்டே போகிறது.

உங்களுக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு கண்காணிப்பு நிலையத்தின் மணிவாரித் தரவை எடுத்து வெயில் நாள் ஒன்றை வரைந்து பாருங்கள். விடியற்காலையில் ஓசோன் அடிமட்டத்தில் இருக்கும். காலை நெரிசலில் நைட்ரிக் ஆக்சைடு குபீரென்று ஏறும், மிச்சமிருந்த ஓசோனும் அதில் கரைந்துபோகும். கொஞ்ச நேரம் கழித்து நைட்ரஜன் டை ஆக்சைடு உச்சம் தொடும். அது இறங்க இறங்க ஓசோன் ஏறி, நண்பகல் தாண்டி உச்சிக்குப் போகும். மாலை நெரிசலில் மறுபடி விழும். நகரத்துக்கு வெளியே, காற்று போகும் திசையில் உள்ள நிலையத்தின் தரவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் அங்கேதான் உச்சம் அதிகமாக இருக்கும், இரவிலும் அவ்வளவாக இறங்காது. அங்கே அதைக் கரைக்கப் போதிய நைட்ரிக் ஆக்சைடு இல்லை.

இதில் பலரையும் திகைக்க வைக்கும் ஓர் உண்மை இருக்கிறது. நெரிசல் மிகுந்த நகர மையத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்தால் ஓசோன் முதலில் கூடும். நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்திருக்கும்போது அது ஹைட்ராக்சிலைப் பிடித்து நைட்ரிக் அமிலமாகிச் சங்கிலியை நெரித்துவைக்கிறது. அதைக் குறைத்ததும் பிடி தளர்கிறது. 2020 ஊரடங்கில் போக்குவரத்து நின்று நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்தபோது பல நகரங்களில் ஓசோன் ஏறியது இதனால்தான். இதைக் காட்டி 'அப்படியானால் புகையைக் குறைத்துப் பயனில்லை' என்று முடிவுக்கு வருவது பெரும் தவறு. கரிம ஆவிகளையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளை இன்னும் ஆழமாகக் குறைக்க வேண்டும். அப்போது எல்லை தாண்டி ஓசோன் இறங்கத் தொடங்கும். மரங்கள் மிகுந்த பகுதிகளில் கரிம ஆவிக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இரவு வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒளி இல்லாதபோது நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து நைட்ரேட் தனி உறுப்பைத் தரும். பகலில் சில நொடிகளில் ஒளியில் உடைந்துவிடும் இது, இரவில் ஹைட்ராக்சிலின் இடத்தில் நின்று வேலை செய்யும். இன்னொரு பக்கம், கரிமப் பெராக்சி ஒன்றும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்து பகலில் உருவாகும் பெராக்சி அசிட்டைல் நைட்ரேட் வெப்பமான காற்றில் ஒரு மணி நேரம் அளவில் உடையும், குளிர்ந்த மேல்காற்றில் வாரக்கணக்கில் தாங்கும். சில மணி நேரமே வாழும் நைட்ரஜன் ஆக்சைடு கடல் கடந்து போவது இதன் முதுகில் ஏறித்தான்.

படி 8: மேலே ஏறுங்கள்

கீழே அழியாத வாயுக்கள் மெல்ல மெல்ல மீள் அடுக்குக்கு ஏறுகின்றன. அங்கே உள்ள ஓசோனை விளக்க சிட்னி சாப்மன் 1930இல் ஒரு வட்டத்தை முன்வைத்தார்: ஆக்சிஜன் உடையும், அணு ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகும், ஓசோன் ஒளியில் உடையும், ஓசோனும் அணுவும் சேர்ந்து பழையபடி ஆக்சிஜனாகும். அழகான வட்டம், ஆனால் அளந்ததைவிட ஏறத்தாழ இருமடங்கு ஓசோனைக் கணித்தது. அழிக்கும் கை வேறு ஏதோ இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நைட்ரஜன் ஆக்சைடுகள் தாங்கள் செலவாகாமலேயே ஓசோனை அழிக்கும் வினையூக்கிகள் என்று பால் க்ருட்சன் 1970இல் காட்டினார். மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு அங்கே போய் அவற்றைத் தருகிறது. 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள்.

அவர்கள் கேட்டது நம் மூன்று கேள்விகளில் ஒன்றைத்தான்: இதை எது அழிக்கும்? மழையில் கரையாது. ஹைட்ராக்சில் பிடுங்குவதற்கு அதில் ஹைட்ரஜனே இல்லை. தரைக்கு வரும் ஒளி அதை உடைக்காது. அப்படியானால் ஒரே முடிவுதான்: மேலே போய் 220 நானோமீட்டருக்குக் கீழான ஒளியில் உடைந்து குளோரின் அணுவை விடும். ஒரு குளோரின் அணு ஓசோனின் ஓர் ஆக்சிஜனைப் பிடித்து குளோரின் மோனாக்சைடாகும்; அதைக் கொடுத்துவிட்டு மறுபடி தனி அணுவாகும். இப்படி ஆயிரக்கணக்கான, பல்லாயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகள் போகும். மூவருக்கும் 1995இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அண்டார்டிகாவில் நடந்தது அவர்களும் எதிர்பாராதது. ஹாலி ஆய்வு நிலையத்தில் அக்டோபர் மாத ஓசோன் 300 டாப்சன் அலகு (தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனின் அளவை) அளவிலிருந்து 200ஐ நோக்கிச் சரிந்திருப்பதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 1985இல் வெளியிட்டார்கள். அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும்போது அமிலமும் பனியும் கலந்த மேகங்கள் உருவாகின்றன. குளோரின் வழக்கமாக ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு பாதுகாப்பான வடிவங்களில் அடங்கிக் கிடக்கும். வாயு நிலையில் இவை ஒன்றையொன்று சீண்டுவதில்லை. மேகத் துகளின் பரப்பில் மட்டும் சந்தித்து, குளோரின் மூலக்கூறை வெளியே விட்டுவிட்டு நைட்ரிக் அமிலத்தைத் துகளிலேயே பூட்டிவைத்துவிடும். செப்டம்பரில் முதல் வெயில் பட்டதும் குளோரின் உடைகிறது. அதை மறுபடி அடக்க வேண்டிய நைட்ரஜன் ஆக்சைடோ பனியில் சிக்கிக் கிடக்கிறது. சில வாரங்களில் கீழ் மீள் அடுக்கின் ஓசோன் பெரும்பகுதி காலி. இந்தப் பரப்பு வினையை 1986இல் சூசன் சாலமனும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்தார்கள். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

குளோரோஃபுளோரோகார்பன்களுக்கு மாற்றாக வந்த வாயுக்களின் வரலாற்றிலும் இதே வேதியியல் ஓடுகிறது. மூலக்கூறில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் ஹைட்ராக்சில் கீழேயே பிடித்துவிடும். ஆயுள் நூறாண்டிலிருந்து பதினான்கு ஆண்டுக்கு இறங்கும். எச்எஃப்சி 134ஏ என்ற குளிர்பதன வாயு அப்படிப்பட்டது. அதிலும் வெப்பத்தைப் பிடிக்கும் தன்மை மிக அதிகம் என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின் 2016 கிகாலி திருத்தம் அதையும் குறைக்கச் சொல்கிறது. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்பு ஒன்றை வைத்தால் ஆயுள் நாட்கணக்குக்கு வந்துவிடும். ஆனால் உடைந்தபின் அவற்றில் சில, எளிதில் சிதையாத ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலத்தை விட்டுச்செல்கின்றன.

படி 9: கருவி எதை அளக்கிறது என்று கேளுங்கள்

ஓசோன் கருவி எளிமையானது, நம்பலாம். பாதரச விளக்கின் 254 நானோமீட்டர் ஒளியைக் காற்று வழியே செலுத்தி, ஓசோன் நீக்கிய அதே காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு கருவியில்தான் கவனம் தேவை. பரவலாகப் பயன்படும் வகை நைட்ரிக் ஆக்சைடை மட்டும்தான் நேரடியாக அறியும்: அது ஓசோனோடு சேரும்போது மெல்லிய ஒளி வரும், அந்த ஒளியை எண்ணும். நைட்ரஜன் டை ஆக்சைடை முதலில் சூடான மாலிப்டினம் மீது செலுத்தி நைட்ரிக் ஆக்சைடாக மாற்றிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், பெராக்சி அசிட்டைல் நைட்ரேட்டும் ஓரளவு நைட்ரிக் அமிலமும் அங்கே மாறிவிடும். எனவே நகரத்தைத் தாண்டிய பழைய காற்றில் பிற்பகல் எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

செயற்கைக்கோள் சொல்வது வேறு விஷயம். 2017இல் ஏவப்பட்ட சென்டினல் 5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி தரையிலிருந்து மேல்வரை உள்ள மொத்தத் தூணையும் பார்க்கிறது. உங்கள் மூக்கு மட்டத்துச் செறிவை அல்ல. ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே முறை, நண்பகல் தாண்டி. காலை நெரிசலின் உச்சம் அதில் தெரியாது.

படி 10: ஒரு வாயுவைத் தனியாகச் செய்து பாருங்கள்

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 530 பிபிபி. இரண்டாவது படியின் முறையில் கணக்கிட்டால் மூலக்கூறு எடை 2 என்பதால் மொத்த இருப்பு சுமார் 19 கோடி டன் வரும். எங்கிருந்து வருகிறது? எரிதலிலிருந்து ஒரு பங்கு. இன்னொரு பெரும் பங்கு ஆறாவது படியில் நாம் கடந்துவந்த ஃபார்மால்டிஹைடு ஒளியில் உடையும்போது. எது அழிக்கிறது? பெரும்பகுதியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் உறிஞ்சிவிடுகின்றன, மிச்சத்தை ஹைட்ராக்சில். ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. அப்படியானால் இரு அரைக்கோளங்களுக்கும் இடையே சிறு வேறுபாடு இருக்க வேண்டும். இருக்கிறது, ஆனால் மற்ற வாயுக்களுக்கு நேர்மாறாக, நிலமும் மண்ணும் அதிகமுள்ள வட அரைக்கோளத்தில்தான் குறைவு.

இப்போது ஹைட்ரஜனை எரிபொருளாகப் பெருமளவில் குழாய்களில் கொண்டுபோகும் திட்டங்களை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹைட்ரஜன் தானாக வெப்பத்தைப் பிடிக்காது. ஆனால் கசிவதில் மண் உறிஞ்சாமல் விட்ட பங்கு ஹைட்ராக்சிலைச் செலவழிக்கும். அதனால் மீத்தேனின் ஆயுள் நீளும், ஓசோன் கூடும், மேலே போனது மீள் அடுக்கில் நீராவியாகும். எவ்வளவு கசிகிறது என்று குழாயின் ஓரத்தில் நின்று பிபிபி அளவுக்குத் துல்லியமாக அளக்கும் கருவிகளை, குழாய்களைப் பதிப்பதற்கு முன்பே நிறுவியாக வேண்டும்.